ஒரு கம்பத்தைச் சுற்றி ஆடியதற்கு இத்தனை கோபமா? பியூரிட்டன்களும் இங்கிலாந்தின் ஊர்க் கொண்டாட்டங்களும்

வைகைக்கரை
நண்பர்களுக்கு வணக்கம். 1644 ஏப்ரலில் இங்கிலாந்து நாடாளுமன்றம் போட்ட ஓர் ஆணையைப் பற்றிப் படித்தேன். மே தினத்தில் சுற்றி ஆடுவதற்காக நட்ட மேபோல் கம்பங்களை நாடு முழுக்கப் பிடுங்க வேண்டும். அது ‘அஞ்ஞானிகளின் வீண் வழக்கம்’. பிடுங்காத ஊரில் கான்ஸ்டபிளுக்கும் சர்ச் நிர்வாகிகளுக்கும் கம்பம் நிற்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் 5 ஷில்லிங் அபராதம். உள்நாட்டுப் போர் நடக்கிறது, அரசனோடு சண்டை, ஊர் ஊராகப் படை திரிகிறது. அந்த நேரத்தில் பூச்சுற்றிய ஒரு கம்பத்துக்குச் சட்டம் போட நேரம் இருந்திருக்கிறது!

வரலாற்றாசிரியர் மெக்காலே சொன்னது எல்லோருக்கும் தெரியும்: பியூரிட்டன்கள் (புராட்டஸ்டண்டுகளில் கண்டிப்பான பிரிவினர்) கரடியைக் கட்டிவைத்து நாய்களை ஏவும் கரடிச் சண்டையை வெறுத்தது கரடிக்கு வலித்ததால் அல்ல, பார்ப்பவர்களுக்குச் சந்தோஷமாக இருந்ததால். விஷயம் அவ்வளவுதானா? அடுத்தவன் சிரித்தால் பிடிக்காத ஆட்கள், அவ்வளவுதானா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சும்மா_ஒருவன்
அவ்வளவுதான். இழையை மூடிவிடலாம்.

நூலகப்பூச்சி
மூட வேண்டாம், இப்போதுதான் ஆரம்பிக்கிறது.

முதலில், பியூரிட்டன் என்ற பேச்சே இல்லாத காலத்திலிருந்து ஒரு சம்பவம். லண்டனில் செயின்ட் ஆண்ட்ரூ அண்டர்ஷாஃப்ட் என்று ஒரு சர்ச் இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு மே முதல் தேதியும் அதன் வாசலில் நட்ட மேபோல் சர்ச் கோபுரத்தை விட உயரம். அதனால்தான் ‘கம்பத்தின் கீழ் இருக்கும் ஆண்ட்ரூ’ என்று பெயர். 1517 மே தினத்தன்று லண்டன் தொழில் பழகும் பையன்கள் வெளிநாட்டுக்காரர்களுக்கு எதிராகப் பெரிய கலகம் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்பத்தை யாரும் நடவில்லை. பக்கத்துச் சந்தில் வரிசையாக இருந்த வீட்டு வாசல்களுக்கு மேலே இரும்புக் கொக்கிகளில் படுக்கப் போட்டு வைத்தார்கள். 32 வருஷம் அது அப்படியே கிடந்தது.

1549இல் பக்கத்துச் சர்ச்சின் ஸ்டீபன் என்ற குரு, செயின்ட் பால் பேராலய வளாகத்தில் இருந்த திறந்தவெளி மேடையில் பிரசங்கம் செய்கிறார். சர்ச்சின் பெயரிலேயே கம்பத்தைச் சேர்த்து அதை விக்கிரகம் ஆக்கிவிட்டார்கள் என்று கொதிக்கிறார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டவர்களில் ஒருவர் ஜான் ஸ்டோ, பின்னாளில் லண்டன் நகரத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். அன்று மதியமே என்ன நடந்தது என்பதை அவர்தான் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சந்துக்காரர்கள் முதலில் தெம்பாகச் சாப்பிட்டார்கள். அப்புறம் ஆள் சேர்த்துக்கொண்டு கம்பத்தைக் கொக்கியிலிருந்து தூக்கி இறக்கினார்கள். துண்டு துண்டாக அறுத்தார்கள். அவரவர் வீட்டு வாசலுக்கு மேலே எவ்வளவு நீளம் கிடந்ததோ, அந்த நீளம் அவரவர் பங்கு. சந்தின் நுழைவாயிலுக்கு மேலே கிடந்த பகுதியைச் சந்துக்குள் குடியிருந்தவர்கள் பிரித்துக்கொண்டார்கள். பிறகு எரித்தார்கள்.

சும்மா_ஒருவன்
32 வருஷம் காய்ந்த மரம். பக்தியில் அறுத்தார்களா, அடுப்புக்கு அறுத்தார்களா?

நூலகப்பூச்சி
அந்தக் கேள்வி ஸ்டோவுக்கும் இருந்திருக்கும் என்றுதான் அவர் எழுதியிருக்கும் தொனியைப் பார்த்தால் தோன்றுகிறது. ஸ்டீபனைக் குறிப்பிடும்போது ‘பாவம் அந்த மனுஷன்’ என்கிற மாதிரி எழுதுகிறார். அந்த ஸ்டீபன் லேசுப்பட்ட ஆள் இல்லை. சர்ச்சுகளின் பெயர்களை மாற்ற வேண்டும், வாரத்தின் கிழமைப் பெயர்களையும் மாற்ற வேண்டும் என்றவர். சர்ச்சுக்குள் இருக்கும் மேடையை விட்டுவிட்டு, சர்ச் வளாகத்து எல்ம் மரத்தில் ஏறி நின்று பிரசங்கம் செய்தவர்.

இதை முதலில் சொல்லக் காரணம், திருவிழா எதிர்ப்பு 1640களில் திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. இன்னும் பின்னால் போனால் 1240களில் லிங்கன் மறைமாவட்ட ஆயர் ராபர்ட் குரோசடெஸ்ட், குருமார்களே போய் மே விளையாட்டில் கலந்துகொள்கிறார்கள் என்று கண்டித்திருக்கிறார். அவர் கத்தோலிக்கர். ஆகவே ‘புராட்டஸ்டண்ட் மதம் வந்தது, ஆட்டம் நின்றது’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

கயல்விழி
நல்ல இழை. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த ஆள் பிலிப் ஸ்டப்ஸ். 1583இல் ஊர்க் கெட்ட பழக்கங்களைத் திட்டி ஒரு புத்தகம் போட்டார். மேபோலை ‘நாற்றமெடுத்த விக்கிரகம்’ என்றது அவர்தான். வேடிக்கை என்னவென்றால், மேபோல் கொண்டுவருவதைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிக அழகான வர்ணனையும் அவருடையதுதான்! இருபது முதல் நாற்பது ஜோடி ஏர் மாடுகள், ஒவ்வொரு மாட்டின் கொம்பு நுனியிலும் ஒரு பூங்கொத்து. கம்பம் முழுக்கப் பூவும் பச்சிலையும், அடி முதல் நுனி வரை கயிறு சுற்றி, சில இடங்களில் பல நிறத்தில் சாயம் பூசி. பின்னால் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக இருநூறு முன்னூறு பேர். நட்டு முடித்ததும் உச்சியில் கைக்குட்டையும் கொடியும் பறக்கும். சுற்றிப் பந்தல் போடுவார்கள், விருந்து சாப்பிடுவார்கள், ஆடுவார்கள். மனுஷன் திட்ட வந்தவரா ரசிக்க வந்தவரா என்று சந்தேகம் வருகிறது.

அடுத்ததுதான் அவருடைய பிரபலமான குற்றச்சாட்டு. மே தினத்துக்கு முந்தின இரவு காட்டுக்குப் போகும் கன்னிப்பெண்களில் மூன்றில் ஒரு பங்குகூடக் கெடாமல் திரும்புவதில்லை என்கிறார். இதை இன்றைக்கும் பலர் தகவல் மாதிரி எடுத்துப் போடுகிறார்கள். அவர் எழுதியதைக் கவனித்துப் படித்தால் தெரியும்: ‘மதிப்புக்குரிய பெரியவர்கள் சொல்லக் கேட்டேன்’ என்றுதான் ஆரம்பிக்கிறார். நாற்பது, அறுபது, நூறு என்று எண்ணிக்கையையும் அள்ளிவிடுகிறார். யாரோ பெரியவர் சொன்னாராம், இவர் அச்சில் போட்டாராம். பெண்கள் ராத்திரி வெளியே போனாலே ஊர்ப் பெரியவர்களுக்குக் கணக்குத் தெரிந்துவிடும் போல.

சும்மா_ஒருவன்
காட்டுக்குப் போன ஆண்களில் எத்தனை பங்கு கெட்டார்கள் என்று கணக்கு இல்லையா மேடம்?

கயல்விழி
இல்லை :) அந்தப் பத்தியில் ஆண்கள் கணக்கிலேயே வரவில்லை.

ஆனால் ஒன்று, ஸ்டப்ஸை வெறும் கோமாளியாக்க வேண்டாம். அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பு முன்னுரையில், எல்லா நாடகத்தையும் எல்லா ஆட்டத்தையும் ஒட்டுமொத்தமாக ஒழிக்கச் சொல்லவில்லை, அதில் இருக்கும் கேட்டைத்தான் சொல்கிறேன் என்று இறங்கித்தான் வருகிறார். பிந்தைய பதிப்புகளில் அந்த முன்னுரை காணாமல் போய்விட்டது. காரசாரமாக இருந்தால்தான் விற்கும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

மெக்காலே விஷயத்துக்கு வந்தால், கரடிச் சண்டையைப் பற்றி ஸ்டப்ஸ் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஓர் ஏழை மிருகம் இன்னொன்றைக் கிழித்துக் கொல்வதைப் பார்த்து எந்தக் கிறிஸ்தவ இதயம் மகிழும் என்று கேட்கிறார். கடவுளின் படைப்பைத் துன்புறுத்துவது கடவுளையே அவமதிப்பது என்கிறார். அதாவது கரடிக்கு வலித்தது அவருக்குத் தெரியும். மெக்காலே எழுதியது அழகான வாக்கியம், ஆனால் நியாயமான வாக்கியம் இல்லை.

நெல்லைச்சீமை
கயல்விழி அக்கா சொன்னதற்கு நன்றி. இந்த இழையில் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் நின்று பேச வேண்டும் என்பதால் நான் வருகிறேன். சபையிலேயே வளர்ந்தவன் என்பதால் எனக்கு அவர்கள் மனசு கொஞ்சம் புரியும்.

அவர்களுடைய பிரச்சினை ‘சந்தோஷம்’ இல்லை, ஞாயிற்றுக்கிழமை. ‘ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக’ என்ற பைபிளின் நான்காம் கட்டளை யூதர்களுக்கு மட்டுமா, எல்லாக் காலத்துக்குமா? எல்லாக் காலத்துக்கும்தான் என்று நிக்கோலஸ் பவுண்ட் 1595இல் ஒரு புத்தகமே எழுதினார். ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஞாயிறு முழுவதும் கர்த்தருடைய நாள். காலையில் ஒரு மணி நேரம் சர்ச்சில் உட்கார்ந்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் சர்ச் வளாகத்திலேயே மேளம் கொட்டி ஆடினால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ரிச்சர்ட் பேக்ஸ்டர் எழுதிய சுயசரிதையில் ஒரு காட்சி வரும். பிற்காலத்தில் பெரிய பியூரிட்டன் போதகர், பிறந்தது 1615. ஷ்ராப்ஷரில் ஈட்டன் கான்ஸ்டன்டைன் என்ற சின்ன ஊர். ஊர்ச் சர்ச்சில் ஜெபப் புத்தகத்தை வேகமாக வாசித்து முடிப்பார்கள். பிறகு சாப்பாட்டு நேரம் போக, இருட்டும் வரைக்கும் ஆட்டம். மேபோலும் பெரிய மரமும் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே. குழலும் சிறு மேளமும் காதைப் பிளக்கும். உள்ளே அப்பா பைபிள் வாசிக்க முயற்சி செய்கிறார், முடியவில்லை. குழல் வாசிப்பவன் யார் தெரியுமா? அப்பாவின் நிலத்தில் குடியிருக்கும் குத்தகைக்காரன்! அந்த ஆளையே நிறுத்த முடியவில்லை. தெருவில் போகிறவர்கள் அப்பாவை ‘பியூரிட்டன்’ என்று கேலி செய்கிறார்கள். அவர் அரசாங்க சர்ச்சையோ ஜெபப் புத்தகத்தையோ எதிர்த்தவரே இல்லை, வீட்டில் பைபிள் வாசித்தார், அவ்வளவுதான்.

பேக்ஸ்டர் இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறார். சின்ன வயதில் அவருக்கும் ஓடிப்போய் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ள மனசு இழுத்ததாம். அப்பாவைக் கேலி செய்வதைக் கேட்டுத்தான் மனசு மாறியதாம்.

வைகைக்கரை
இது நான் எதிர்பார்க்காத பக்கம். ஆக, சில ஊர்களில் சிறுபான்மை அவர்கள்தான், கேலிக்கு ஆளானவர்களும் அவர்கள்தான்.

நெல்லைச்சீமை
ஆமாம் அண்ணா. அவர்களுக்கும் கூட்டம், பயணம், பாட்டு எல்லாம் உண்டு. நல்ல பிரசங்கி இருக்கும் ஊருக்குப் பல மைல் நடந்து போவார்கள், வழியெல்லாம் பைபிளின் சங்கீதங்களைப் பாடிக்கொண்டு போவார்கள். பக்கத்து ஊர்க்காரன் அதைச் சத்தம் என்று திட்டியிருப்பான்.

1583 ஜனவரியில் லண்டன் பாரிஸ் கார்டனில் ஞாயிற்றுக்கிழமை கரடிச் சண்டை பார்க்கக் கூடியிருந்தபோது மரத் தளம் சரிந்து எட்டுப் பேர் செத்தார்கள். கடவுளின் தண்டனை என்று ஜான் ஃபீல்ட் உடனே பிரசுரம் போட்டார். அந்த அணுகுமுறை எனக்கே ஒப்பவில்லை, சொல்லிவிடுகிறேன். செத்தவர்கள் வீட்டில் அழுகை அடங்குவதற்குள் அச்சகத்துக்கு ஓடுவது பக்தி இல்லை.

கணக்குப்பிள்ளை
எல்லோரும் வேதம் பேசுகிறீர்கள், நான் காசு பேசுகிறேன்.

‘சர்ச் ஏல்’ என்று ஒன்று இருந்தது. ஏல் என்பது பியர் வகை. பெந்தெகொஸ்தே பண்டிகை சமயத்தில் சர்ச் நிர்வாகிகள் வீடு வீடாக மால்ட் (முளைகட்டிய தானியம்) வசூல் செய்வார்கள், அல்லது வாங்குவார்கள். அதைக் காய்ச்சி ஊருக்கே விற்பார்கள். இதற்கென்றே சர்ச் பக்கத்தில் ஒரு வீடு. பக்கத்துப் பங்குகளிலிருந்தும் (ஒரு சர்ச்சைச் சேர்ந்த ஊர்ப் பகுதிதான் பங்கு) ஆட்கள் வந்து குடிப்பார்கள், பிறகு அவர்கள் ஊரில் நடக்கும்போது இவர்கள் போய்க் குடிக்க வேண்டும். மொய் வைப்பது மாதிரி, வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். லாபம் எங்கே போகும்? கூரை ஒட்டுப்போட, மணி வார்க்க, சுவருக்கு வெள்ளையடிக்க. பல ஊர்களில் பங்கின் முக்கிய வருமானமே இதுதான். இதே முறையில் சர்ச் குமாஸ்தாவின் சம்பளத்துக்கு ஒரு ஏல், நொடித்துப்போன குடும்பத்தைத் தூக்கிவிட இன்னொரு ஏல்.

இதை நிறுத்தினால் கூரைக்கு யார் காசு கொடுப்பது? நிலம் வைத்திருப்பவர்கள் மீது வரி. சரி, அப்படியானால் பணக்காரர்கள் சர்ச் ஏலை ஆதரித்திருக்க வேண்டுமே? பல இடங்களில் நேர்மாறு. ஊரில் கொஞ்சம் வசதி வந்த குடியானவர்களும் துணி வியாபாரிகளும் வரி கொடுத்துவிடலாம் என்ற பக்கம் வந்தார்கள். காரணம், 1598, 1601 ஏழைகள் சட்டங்களுக்குப் பிறகு ஆதரவற்றவர்களைப் பராமரிக்கும் செலவு பங்கின் தலையில், அதாவது இவர்கள் தலையில். ஏல் நடந்தால் குடி, அடிதடி, எட்டு ஒன்பது மாதம் கழித்து அப்பன் பெயர் தெரியாத குழந்தை. அந்தக் குழந்தைக்கும் இவர்கள்தான் கட்ட வேண்டும். பாவம் என்று பிரசங்கி சொன்னதும், செலவு என்று இவர்கள் கணக்குப் போட்டதும் ஒரே இடத்தில் வந்து நின்றன. எனக்கு இதுதான் இந்தக் கதையின் மையம்.

நெல்லைச்சீமை
எல்லாவற்றையும் காசாக்கிவிட்டீர்கள் ஐயா. மனசாட்சி என்று ஒன்று இல்லையா? ஊரே கேலி செய்தபோதும் பேக்ஸ்டரின் அப்பா பைபிளை மூடவில்லையே, அதில் என்ன லாபம் அவருக்கு?

கணக்குப்பிள்ளை
தம்பி, ஒருவருக்கு மனசாட்சி போதும். ஊர் முழுக்க ஒரு வழக்கத்தை நிறுத்த மனசாட்சி மட்டும் போதாது, வரி கட்டுகிறவன் சம்மதம் வேண்டும்.

நூலகப்பூச்சி
இருவரும் சொல்வதை ஒரே ஊரில் பார்க்கலாம். 1607, சாமர்செட்டில் வெல்ஸ் நகரம். செயின்ட் கத்பர்ட் சர்ச்சுக்காகப் பணம் திரட்ட அந்த ஆண்டு மே தொடங்கி ஜூன் வரை ஊர்வலம், மேளம், மோரிஸ் என்ற கிராமிய ஆட்டம் என்று அமர்க்களம். ஜான் ஹோல் என்ற துணி வியாபாரி அப்போது கான்ஸ்டபிள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத் தடுக்கப் பார்த்தார். ஊர் விடுமா? அடுத்தடுத்த ஊர்வலங்களில் அவரும் அவருடைய கூட்டாளிகளும்தான் நகைச்சுவைப் பாத்திரங்கள். குதிரை மேல் ஒருவன், கையில் ஒரு பலகை, பலகையில் ஹோல் முதலியவர்களின் உருவங்கள், அதில் ஓட்டைகள், ஓட்டைக்குள் பந்து உருட்டி விளையாட்டு. ‘ஹோல்’ என்றால் ஓட்டை, விளக்கம் வேண்டாம். அவரையும் திருமதி யார்ட் என்ற பெண்ணையும் சேர்த்து அசிங்கமான ஜாடை வேறு. கூட்டம் கூட்டமாக ஜனம் வேடிக்கை பார்த்தது. ஹோல் லண்டன் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த வழக்குக் கட்டுகள் தப்பிப் பிழைத்ததால்தான் இவ்வளவு நுணுக்கமாக நமக்குத் தெரிகிறது.

யார் யாரை அடக்கினார்கள் என்று இதில் சொல்லுங்கள் பார்க்கலாம்.

கயல்விழி
அந்தத் திருமதி யார்டைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. அவர் கான்ஸ்டபிளும் இல்லை, தடை போட்டவரும் இல்லை. ‘ஜனங்களின் சிரிப்பு’ என்று நாம் கொண்டாடுவது தெருவில் ஒரு பெண்ணின் மானத்தை வைத்து நடந்தது. ‘குதூகல இங்கிலாந்து’ என்று உருகுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வைகைக்கரை
சரி, அரசன் எங்கே வருகிறான்? ‘விளையாட்டுப் புத்தகம்’ என்று எதையோ சொல்கிறார்களே?

நூலகப்பூச்சி
வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1617இல் ஜேம்ஸ் மன்னர் ஸ்காட்லாந்து போய்விட்டு லங்காஷர் வழியாகத் திரும்புகிறார். அந்தப் பகுதியில் கத்தோலிக்கர்கள் அதிகம். பியூரிட்டன் மனப்பான்மை உள்ள மாஜிஸ்திரேட்டுகள் ஞாயிறு ஆட்டங்களைத் தடுத்து வைத்திருந்தார்கள். எங்களை விளையாட விடுங்கள் என்று ஜனங்கள் மன்னரிடம் மனு கொடுத்தார்கள். முதலில் லங்காஷருக்கு மட்டும் ஓர் அறிக்கை, 1618 மே மாதத்தில் நாடு முழுமைக்கும். அதுதான் நீங்கள் கேட்ட ‘விளையாட்டுப் புத்தகம்’. ஞாயிறு வழிபாடு முடிந்த பிறகு நடனம், வில்வித்தை, தாண்டுதல், மே விளையாட்டு, பெந்தெகொஸ்தே ஏல், மோரிஸ், மேபோல் எல்லாம் செய்யலாம். கரடிச் சண்டை, மாட்டுச் சண்டை, நாடகம் ஞாயிறு கூடாது. பந்து உருட்டும் பௌலிங், சாதாரண ஜனங்களுக்கு எப்போதுமே கூடாது. முக்கியமான நிபந்தனை: சர்ச்சுக்கு வராதவனுக்கு விளையாட்டும் கிடையாது. ஆடணுமா, முதலில் வந்து உட்கார்.

மன்னர் சொன்ன காரணங்கள் கெட்டிக்காரத்தனமானவை. வாரம் முழுக்க உழைக்கிறவன் ஞாயிறும் பண்டிகை நாளும் தவிர வேறு எப்போது விளையாடுவான்? விளையாட விடாவிட்டால் சாராயக்கடைக்குப் போய் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவான். உடம்பு வணங்காமல் போனால் போருக்கு உதவமாட்டான். புராட்டஸ்டண்ட் மதத்தில் சிரிக்கவே கூடாது போலிருக்கிறது என்று கத்தோலிக்கன் நம்மிடம் வரமாட்டான்.

எதிர்ப்பு கடுமை. கேன்டர்பரி பேராயர் ஆபட், தான் இருந்த குரோய்டனில் இதை வாசிக்கக் கூடாது என்று தடுத்தார். ஜேம்ஸ் விட்டுப்பிடித்தார். அவர் மகன் சார்லஸ் விடவில்லை.

சும்மா_ஒருவன்
சாதாரண ஜனம் பௌலிங் ஆடக்கூடாதாம், பிரபு ஆடலாமாம். ஜனங்களின் நண்பன் மன்னன்!

நூலகப்பூச்சி
சரியாகப் பிடித்தீர்கள். சரி, 1630கள்.

சாமர்செட்டில் தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன் சர்ச் ஏல்களுக்குத் தடை உத்தரவு போட்டார், அதைக் குருமார்கள் சர்ச்சில் வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார். லாட் கொதித்தார். அவர் அப்போது லண்டன் ஆயர், 1633இல் கேன்டர்பரி பேராயரானார். சர்ச்சில் எதை வாசிக்க வேண்டும் என்று சொல்ல நீதிபதி யார்? ரிச்சர்ட்சனைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கி உத்தரவைத் திரும்பப் பெற வைத்தார்கள். ‘ஆயரின் வெள்ளை அங்கிக் கைகள் இரண்டும் என் கழுத்தை நெரித்துவிட்டன’ என்று புலம்பிக்கொண்டே வெளியே வந்தாராம் நீதிபதி. அந்தப் பகுதியின் ஆயர் பியர்ஸ் 72 குருமார்களிடம் கருத்துக் கேட்டு, ஏல்கள் நல்லவை, சர்ச்சுக்கு வருமானம், ஊரில் சண்டை தீர்கிறது என்று பதில் அனுப்பினார். அவரே தேர்ந்தெடுத்துக் கேட்ட 72 பேர் வேறென்ன சொல்வார்கள்!

1633 அக்டோபரில் சார்லஸ் அந்த அறிக்கையை மறுபடி வெளியிட்டார், இம்முறை எல்லாச் சர்ச்சிலும் வாசித்தே ஆக வேண்டும். மறுத்த குருமார்கள் பலர் பதவி இழந்தார்கள். லண்டனில் ஒருவர் அறிக்கையை வாசித்துவிட்டு, உடனே பத்துக் கட்டளைகளையும் வாசித்து, ‘மனிதனுடைய கட்டளையும் கேட்டீர்கள், கடவுளுடைய கட்டளையும் கேட்டீர்கள், எது பிடிக்கிறதோ அதற்குக் கீழ்ப்படியுங்கள்’ என்று இறங்கிவிட்டாராம்.

என் கட்சி இதுதான்: அதுவரை ஊர்ச் சண்டையாக இருந்ததை அரசாங்கச் சண்டையாக்கியது சார்லஸும் லாடும். மேபோலை ஆதரிப்பவன் மன்னன் பக்கம், எதிர்ப்பவன் நாடாளுமன்றம் பக்கம் என்று கோடு கிழித்ததே அவர்கள்தான். 1643 மே மாதம் நாடாளுமன்றம் அந்த அறிக்கையை லண்டன் சீப்சைடில் தூக்குப்போடுபவன் கையால் எரிக்கச் சொன்னது. அடுத்த வருஷம்தான் வைகைக்கரை சொன்ன கம்பச் சட்டம்.

கணக்குப்பிள்ளை
ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்டர்டவுன் என்ற வரலாற்றாசிரியர் மேற்கு மாவட்டங்களை வைத்து ஒரு கருத்துச் சொன்னார். வயல் நடுவே நெருக்கமாக வாழும் தானிய விவசாய ஊர்கள் பழைய விழாக்களைப் பிடித்துக்கொண்டன, மன்னன் பக்கம் சாய்ந்தன. மேய்ச்சல், துணி நெசவு என்று சிதறி வாழும் பகுதிகள் பியூரிட்டன் பக்கம் போயின. நிறையப் பேர் இதை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள்.

நூலகப்பூச்சி
மறுத்தது சரிதான் என்பேன். ஒரே தெருவில், வீட்டுக்குச் சொந்தக்காரரும் குத்தகைக்காரரும் எதிரெதிராக நிற்பதை பேக்ஸ்டர் காட்டிவிட்டாரே. மண்ணின் தன்மையை வைத்து அதை எப்படி விளக்குவது?

வைகைக்கரை
கிறிஸ்துமஸைத் தடை செய்தது, மன்னரை வீழ்த்திய பின் நாட்டை ஆண்ட குரோம்வெல் என்று பள்ளியிலேயே படித்தோம்.

நூலகப்பூச்சி
தனி ஆளாக அவர் தடை செய்யவில்லை, நாடாளுமன்றம்தான். அதிலும் முதல் அடி தற்செயல். மாதத்தின் கடைசி புதன்கிழமை உபவாச நாள் என்று ஏற்கெனவே இருந்தது. 1644இல் டிசம்பர் 25 அந்தப் புதனில் விழுந்தது. விருந்தா உபவாசமா? உபவாசம்தான் என்று சொல்லிவிட்டார்கள். 1645இல் வந்த புதிய வழிபாட்டு முறையில் பண்டிகை நாட்களுக்கே இடமில்லை, வேதத்தில் அப்படி நாட்கள் சொல்லப்படவில்லை என்பது வாதம். 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே மூன்றும் சட்டப்படி ரத்து. அதற்குப் பதிலாக வேலைக்காரர்களுக்கும் தொழில் பழகும் பையன்களுக்கும் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடுமுறை.

நெல்லைச்சீமை
இந்தச் செவ்வாய்க்கிழமை விஷயத்தை யாரும் சொல்வதே இல்லை. ஓய்வே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. ஞாயிறு வேண்டாம், பண்டிகை பெயரில் வேண்டாம், தனியாக ஒரு நாள் எடுத்துக்கொள் என்றார்கள்.

சும்மா_ஒருவன்
கிறிஸ்துமஸுக்குப் பதில் இரண்டாவது செவ்வாய். குழந்தைகள் துள்ளிக் குதித்திருக்கும்.

நூலகப்பூச்சி
குதித்தது கேன்டர்பரி. 1647 டிசம்பர் 25, சனிக்கிழமை. வழக்கம்போலச் சந்தை நடக்க வேண்டும், கடை திறக்க வேண்டும் என்று மேயர் வில்லியம் பிரிட்ஜ் உத்தரவு. பத்துப் பன்னிரண்டு பேர்தான் திறந்தார்கள். கூட்டம் வந்து மூடச் சொன்னது, மூடாத கடையின் சாமான்கள் தெருவில் சிதறின. மேயர் தட்டிக்கேட்கப் போனார், அவரையே கீழே தள்ளினார்கள். இரண்டு ஃபுட்பாலைத் தெருவில் உதைத்துவிட்டார்கள், ஆள் சேர்க்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. வாசல்களில் ஹாலி இலைக் கொத்து கட்டி இலவசமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். அடுத்த சில நாட்கள் நகரமே அவர்கள் கையில். பிறகு படை வந்தது. விசாரணைக்கு வந்தபோது உள்ளூர் ஜூரிகள் குற்றம் சாட்டவே மறுத்துவிட்டார்கள். அதிலிருந்து கிளம்பிய மனு இயக்கம்தான் 1648 கென்ட் மாவட்ட எழுச்சியாக வளர்ந்தது. இரண்டாம் உள்நாட்டுப் போரின் ஒரு முனை அது.

பத்து வருஷம் கழித்தும் கெடுபிடி தீரவில்லை. 1657 கிறிஸ்துமஸ் அன்று நாட்குறிப்பு புகழ் ஜான் ஈவ்லின் லண்டனில் ஒரு சிற்றாலயத்தில் நற்கருணை வாங்கப் போகிறார். சிப்பாய்கள் சுற்றி வளைத்து, வாங்கப் போகிறவர்களை நோக்கித் துப்பாக்கியை நீட்டினார்கள். சுடவில்லை. விசாரித்துவிட்டு அனுப்பினார்கள்.

வைகைக்கரை
அந்தக் கரடிகள் என்ன ஆயின?

கயல்விழி
1656இல் நாடாளுமன்றப் படையைச் சேர்ந்த கர்னல் பிரைட் தேம்ஸ் தென்கரையில் இருந்த கரடிகளைச் சிப்பாய்களை வைத்துச் சுட்டுக் கொன்றார். மெக்காலே வரிக்கு இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். கரடி மேல் இரக்கம் இருந்தால் கரடியையே சுடுவானா என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் பெருங்கூட்டம் கூடும் எந்த இடமும் மன்னர் ஆட்கள் சதி செய்யும் இடமாகத் தெரிந்த நேரம் அது.

நூலகப்பூச்சி
மன்னராட்சி திரும்பப்போகிறது என்றதுமே கம்பங்கள் கிளம்பின. 1660 மே முதல் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் பேர் என்ற விடுதியின் எதிரே ஒரு மேபோல் நட்டார்கள், பியூரிட்டன்களில் ஒரு பிரிவான பிரஸ்பிட்டேரியன்களை எரிச்சல்படுத்தவே நட்டது என்று ஆண்டனி உட் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். துணைவேந்தர் கோனன்ட் தன் சேவகர்களோடு ரம்பம் எடுத்துக்கொண்டு வந்தார். ஓர் அங்குலம் அறுப்பதற்குள் ஜனம் விரட்டிவிட்டது. அடுத்த வருஷம் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் 134 அடியில் ஒன்று. அவ்வளவு பெரியதை நிமிர்த்தக் கடற்படை மாலுமிகள் வர வேண்டியிருந்தது. பின்னாளில் அதே தெருவில் நின்ற கம்பம் ஒன்று நியூட்டன் மூலம் வான்ஸ்டெட்டுக்குப் போனது, ஜேம்ஸ் பவுண்ட் என்ற குரு தன் நீளமான தொலைநோக்கியை அதில் கட்டி வானம் பார்த்தார்.

சும்மா_ஒருவன்
அப்படியானால் கடைசியில் ஆட்டக்காரர்கள் ஜெயித்தார்கள். நான் முதலிலேயே சொன்னேன், இழையை மூடிவிடலாம்.

கணக்குப்பிள்ளை
கம்பம் திரும்பி வந்தது, சர்ச் ஏல் பெரும்பாலான ஊர்களில் வரவில்லை. இருபது வருஷமாக வரி கட்டிப் பழகிவிட்டார்கள், நிர்வாகிகளுக்கும் மால்ட் வசூல், காய்ச்சும் அண்டா, அடிதடி பஞ்சாயத்து எதுவும் இல்லாமல் காசு வந்தது. குடிக்க நினைத்தவன் தனியார் கடைக்குப் போனான், லாபம் கடைக்காரனுக்கு.

நெல்லைச்சீமை
ஞாயிறும் திரும்பவில்லை ஐயா. 1677இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் காலத்திலேயே ஞாயிறு வியாபாரத்தையும் வேலையையும் தடுக்கும் சட்டம் வந்தது. பியூரிட்டன்களைத் துரத்திய நாடாளுமன்றம்தான் அதைப் போட்டது. நீங்கள் இதையும் வரி கணக்கில் எழுதுவீர்களா?

கணக்குப்பிள்ளை
எழுதுவேன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை போட்டியாளன் கடையும் மூடியிருந்தால் யாருக்கு நஷ்டம்? மீதியை நாளைக்கு எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறது.